இந்தத் தேர்வு யாருடைய கேள்விக்குப் பதில்?

ஒரே வீட்டுக்குள் ஒரே கல்வியாண்டில் எத்தனை விதமான தேர்வுகள் வந்துபோகின்றன என்று எண்ணிப் பாருங்கள். மூன்றாம் வகுப்புப் பையன் பருவத் தேர்வு எழுதி ரேங்க் கார்டு கொண்டுவருகிறான். நடுவில் ஒரு நாள், வெளியிலிருந்து யாரோ வந்து வட்டங்களைக் கறுப்பாக்கும் தேர்வு ஒன்று வைத்தார்கள் என்கிறான். அதற்கு மதிப்பெண் வரவே இல்லை. எட்டாம் வகுப்பு அக்கா உதவித்தொகைத் தேர்வுக்குத் தயாராகிறாள். ஆங்கிலவழிப் பள்ளியில் படிக்கும் சித்தப்பா மகள் ஒலிம்பியாட் பதக்கத்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வருகிறாள். மேல்வீட்டுப் பிள்ளைக்கு நீட் தேர்வில் எண்பது பர்சன்டைல் என்று ஊரே பேசுகிறது. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த பாட்டி, "கடைசியில் யார்தான் நன்றாகப் படிக்கிறார்கள்?" என்கிறார்.

பாட்டியின் கேள்வி நியாயமானது. ஆனால் இந்த ஐந்து தேர்வுகளைக் கையில் வைத்துக்கொண்டு அதற்குப் பதில் சொல்ல முடியாது. ஒவ்வொன்றும் வேறொருவருடைய கேள்விக்காக உருவானது. ஒன்று ஆசிரியரின் கேள்வி, ஒன்று அரசின் கேள்வி, ஒன்று இடம் ஒதுக்குகிறவர்களின் கேள்வி. பதக்கம் கொடுத்தவர்களின் கேள்வி என்ன என்பதைப் பிறகு பார்ப்போம்.

முதலில், தரப்படுத்திய தேர்வு என்றால் என்ன? நீலகிரியில் இருப்பவர்களுக்கு இதை விளக்கப் புத்தகம் தேவையில்லை. குன்னூர் தேயிலை ஏலமே போதும். ஏலத்துக்கு வரும் தூளைச் சுவைஞர்கள் வரிசையாக வைத்துச் சுவைத்துப் பார்ப்பார்கள். தேநீரை ஒப்பிட்டுச் சுவைப்பதற்கென்று உலக அளவில் ஐஎஸ்ஓ 3103 என்ற முறையே வகுத்திருக்கிறார்கள்: 100 மில்லிலிட்டர் கொதிநீருக்கு 2 கிராம் தூள், ஊறுவதற்கு 6 நிமிடம். எல்லாக் கோப்பைக்கும் இதே அளவு. இப்படிப் போட்ட தேநீர் குடிக்க நன்றாக இருக்கும் என்று யாரும் சொல்லவில்லை. நம் வீட்டில் அப்படிப் போட்டால் முகம் சுளிப்பார்கள். ஆனால் ஒரு கோப்பையில் 2 கிராம், இன்னொன்றில் 3 கிராம் என்று போட்டுவிட்டால், ருசியில் தெரியும் வித்தியாசம் தூளால் வந்ததா, அளவால் வந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. அளவை ஒன்றாக வைப்பது ஒப்பிடுவதற்காகத்தான்.

தேர்விலும் அதுதான். ஒரே வினாத்தாள், அல்லது ஒரே கடினம் உள்ள வினாத்தாள்கள், ஒரே நேர அளவு, ஒரே அறிவுரை, ஒரே திருத்தும் முறை. இந்த நான்கும் இருந்தால் நீலகிரியின் எருமாடு ஊரில் எழுதிய பிள்ளையையும் சென்னை எழும்பூரில் எழுதிய பிள்ளையையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். இல்லாவிட்டால் பார்க்கக் கூடாது. கோத்தகிரியில் ஒரு ஆசிரியர் தம் வகுப்புக்கென்று தாமே எழுதிய தாளில் எடுத்த 90ஐயும், கூடலூரில் இன்னொரு ஆசிரியர் எழுதிய தாளில் எடுத்த 70ஐயும் ஒப்பிடுவது வீண் வேலை. அதற்காக ஆசிரியர் தாமே வைக்கும் தேர்வு மட்டமானது என்று நினைத்துவிட வேண்டாம். பிள்ளையைப் பற்றி அதிகம் சொல்வது பெரும்பாலும் அதுதான்.

இப்போது அந்த மதிப்பெண் வராத தேர்வுக்கு வருவோம். பெற்றோர் அதிகம் குழம்புவதும், வதந்திகள் அதிகம் சுற்றுவதும் இதைப் பற்றித்தான்.

நாடு முழுவதும் தேசிய அடைவு ஆய்வு என்ற பெயரில் ஒரு தேர்வு நடக்கிறது. 2017 நவம்பரிலும் 2021 நவம்பர் 12ஆம் தேதியும் நடந்தது. பிறகு பெயரும் வகுப்புகளும் மாறி, பராக் என்ற தேசிய மதிப்பீட்டு மையத்தின் வழியாக 2024 டிசம்பர் 4 அன்று 3, 6, 9ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நடத்தினார்கள். தமிழ்நாடு அரசும் ஸ்லாஸ் என்று சுருக்கமாகச் சொல்லப்படும் மாநில அளவிலான அடைவுத் தேர்வை 2025 பிப்ரவரியில் 3, 5, 8ஆம் வகுப்புகளுக்கு நடத்தியது. இவை எல்லாம் கேட்கும் கேள்வி ஒன்றே: இந்த வகுப்பில் இருக்கும் பிள்ளைகள் இந்த வகுப்புக்குரியதைக் கற்றிருக்கிறார்களா? 'பிள்ளைகள்' என்றால் மாநிலத்துப் பிள்ளைகள், மாவட்டத்துப் பிள்ளைகள். உங்கள் பிள்ளை அல்ல.

தேசிய ஆய்வுக்கு எல்லாப் பள்ளிகளையும் எடுக்க மாட்டார்கள். சுவைஞர் மூட்டை முழுவதையும் கொதிக்க வைப்பதில்லை அல்லவா. ஒரு கரண்டி எடுத்தால் போதும், சரியான விதத்தில் எடுத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். 2021இல் நாடெங்கும் ஏறக்குறைய 1.18 லட்சம் பள்ளிகளில் 34 லட்சம் மாணவர்கள் எழுதினார்கள். பெரிய எண்ணிக்கைதான், ஆனாலும் இந்தியப் பிள்ளைகளில் சிறு பகுதி. பக்கத்துப் பக்கத்து மேசைக்கு வெவ்வேறு வினாத்தொகுப்பு கொடுப்பதும் உண்டு. அப்படிச் செய்தால் பாடத்தின் அதிகப் பகுதிகளைக் குறைந்த நேரத்தில் சோதித்துவிடலாம். உங்கள் பையன் எழுதியது அந்தப் பெரிய படத்தின் ஒரு துண்டு. அந்தத் துண்டை மட்டும் எடுத்து அவனுக்கு மதிப்பெண் போட்டால் அது பொய்யாகிவிடும். அதனால்தான் போடுவதில்லை, யாரும் எதையும் மறைக்கவில்லை.

"இதில் குறைந்தால் ஃபெயிலாக்கிவிடுவார்களாமே?" என்ற பயம் இன்னும் இருக்கிறது. அந்தப் பயத்துக்கு ஒரு வரலாறும் உண்டு. 2019 செப்டம்பரில் 5, 8ஆம் வகுப்புகளுக்குப் பொதுத்தேர்வு என்று மாநில அரசு அறிவித்தது. எதிர்ப்புக் கிளம்பிய பின் 2020 பிப்ரவரி 4 அன்று அந்த முடிவைக் கைவிட்டது. அந்தச் சில மாதங்களில் பெற்றோர் மனதில் விழுந்த கீறல் இன்னும் ஆறவில்லை. தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்பு வரை பிள்ளையை அதே வகுப்பில் நிறுத்திவைப்பது கிடையாது. அடைவுத் தேர்வுக்கும் வகுப்பு ஏறுவதற்கும் தொடர்பே இல்லை. ஆகவே அந்தத் தேர்வுக்கு வீட்டில் தனியாகப் படிக்க வைக்கவோ, முந்தின இரவு திட்டவோ வேண்டாம். பள்ளியே அதற்கென்று வாரக்கணக்கில் மாதிரித்தாள் எழுத வைத்தால், ஏன் என்று கேட்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது. காய்ச்சல் பார்க்கும் முன் வெப்பமானியைக் குளிர்நீரில் முக்கி எடுப்பவர்களும் உலகத்தில் உண்டு.

இந்த வரிசையில் இன்னொன்று, பள்ளிக்கே வராமல் வீட்டுக்கு வருவது: ஏசர். பிரதம் என்ற தொண்டு நிறுவனம் 2005இல் தொடங்கியது. மாவட்டத்துக்கு 30 கிராமங்கள், கிராமத்துக்கு 20 வீடுகள் என்று தேர்ந்து, தன்னார்வலர்கள் வீட்டுத் திண்ணையிலேயே பிள்ளையிடம் எழுத்து, சொல், சிறு பத்தி, இரண்டாம் வகுப்பு நிலைக் கதை என்று ஒவ்வொன்றாக வாசிக்கக் கொடுப்பார்கள். பிறகு கழித்தல், வகுத்தல். மிக எளிய சோதனை. இதை மட்டும் நீங்களே வீட்டில் செய்து பார்க்கலாம் என்பேன். நான்காம் வகுப்புப் பிள்ளையிடம் இரண்டாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தைக் கொடுத்து ஒரு பக்கம் உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். ரேங்க் கார்டில் என்ன இருந்தாலும், அந்த ஐந்து நிமிடத்தில் தெரிவது வேறு.

அரசின் கேள்வியை விட்டு, இடம் ஒதுக்குகிறவர்களின் கேள்விக்கு வந்தால் மொழியே மாறிவிடுகிறது. ஆயிரம் இடம், லட்சம் பேர், யாரை எடுப்பது? இங்கே பிள்ளைக்கு எவ்வளவு தெரியும் என்பது முக்கியமில்லை. மற்றவர்களைவிட அதிகம் தெரியுமா என்பதே முக்கியம். பர்சன்டைல் என்பது இந்த இடத்தில்தான் நுழைகிறது. எண்பது பர்சன்டைல் என்றால் 100க்கு 80 மதிப்பெண் என்று பொருள் இல்லை. எழுதியவர்களில் ஏறக்குறைய 80 சதவீதம் பேர் அந்தப் பிள்ளைக்குக் கீழே அல்லது சமமாக இருக்கிறார்கள் என்று பொருள். அவ்வளவே.

நீட் தேர்வையே எடுத்துக்கொள்வோம். மொத்தம் 720 மதிப்பெண். பொதுப்பிரிவில் தகுதி பெற 50 பர்சன்டைல் வேண்டும். இந்த ஐம்பது மாறவே இல்லை. ஆனால் அந்த ஐம்பதுக்கு உரிய மதிப்பெண் 2022இல் 117, 2023இல் 137, 2024இல் 162, 2025இல் 144. வினாத்தாள் கடினமானால் இறங்குகிறது, எளிதானால் ஏறுகிறது. 2022இல் 130 எடுத்தவர் தகுதி பெற்றார். அதே 130ஐ அடுத்த ஆண்டு எடுத்தவர் பெறவில்லை. ஆகவே "போன வருஷம் அண்ணன் இவ்வளவு எடுத்தானே, நீ ஏன் குறைத்தாய்?" என்று மதிப்பெண்ணை வைத்துச் சண்டை போடுவதில் பொருள் இல்லை. இன்னொன்றையும் கவனியுங்கள்: 720இல் 144 என்பது 20 சதவீதம்தான். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் 100க்கு 20 எடுத்தால் தேர்ச்சி இல்லை. அங்கே பாடத்துக்கு 35 வேண்டும். ஒன்று மற்றவர்களோடு ஒப்பிடும் தேர்வு, இன்னொன்று முன்கூட்டியே வரைந்த கோட்டைத் தாண்டினாயா என்று பார்க்கும் தேர்வு. எல்லோரும் 35 எடுத்தால் எல்லோரும் தேர்ச்சி. எல்லோரும் எண்பது பர்சன்டைலில் இருக்கவே முடியாது.

ஒப்பீடு என்று வந்துவிட்டால் யாரோடு ஒப்பிடுகிறார்கள் என்பதையும் கேட்டாக வேண்டும். ஊரகப் பள்ளிகளின் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கான திறனாய்வுத் தேர்வில் மாவட்டத்துக்கு 50 மாணவர், 50 மாணவியர் என்று தேர்வு செய்கிறார்கள். அதாவது பந்தலூர்ப் பிள்ளை கோயம்புத்தூர்ப் பிள்ளையோடு மோதவில்லை. நீலகிரிப் பிள்ளைகளோடுதான் போட்டி. மாவட்டம் சிறியது, இடங்கள் மற்ற மாவட்டத்துக்குச் சமம். இதைத் தெரிந்துகொண்டால் "நம்மால் எங்கே முடியும்" என்று விண்ணப்பத்தைத் திருப்பிக் கொடுத்திருக்க மாட்டோம்.

எட்டாம் வகுப்பு அக்கா எழுதப்போகும் உதவித்தொகைத் தேர்வான என்எம்எம்எஸ் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் பணம் இருக்கிறது. அரசு, அரசு உதவிபெறும், உள்ளாட்சிப் பள்ளிகளின் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் எழுதலாம். குடும்ப ஆண்டு வருமானம் 3.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். மனத்திறன் பகுதியில் 90 கேள்விகள், பாடப் பகுதியில் 90 கேள்விகள். தேர்வானால் ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய். மனத்திறன் பகுதியில் வருவது எண் தொடர், படத் தொடர், விடுபட்ட எழுத்து போன்றவை. அவை பாடப்புத்தகத்தில் இல்லை. நன்றாகப் படிக்கிற பிள்ளைகள்கூட முதல் முறை அந்தத் தாளைப் பார்த்ததும் திகைப்பது இதனால்தான். இந்த ஒரு தேர்வுக்குப் பழைய வினாத்தாள்களை வைத்துப் பயிற்சி கொடுப்பதில் முழு நியாயம் இருக்கிறது. மேலே அடைவுத் தேர்வுக்குப் பயிற்சி வேண்டாம் என்றேன். இங்கே வேண்டும் என்கிறேன். முரண் இல்லை. அங்கே அளவு கெடும், இங்கே இடம் கிடைக்கும்.

நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் தாள் என்றால் ஒரு சிறு கணக்கை நினைவில் வையுங்கள். 40 கேள்விகள் உள்ள தாளில், எதையும் படிக்காமல் கண்ணை மூடிக்கொண்டு வட்டம் கறுப்பாக்கினாலே சராசரியாக 10 சரியாக விழும். ஆகவே 12 எடுத்த பிள்ளைக்கு '30 சதவீதம் தெரியும்' என்று சொல்ல முடியாது. ஒருவேளை எதுவுமே தெரியாமல் இருக்கலாம். மாறாக, எல்லாம் தெரிந்த பிள்ளை ஓஎம்ஆர் தாளில் ஒரு வரிசை தவறவிட்டு, ஏழாவது கேள்வியின் விடையை எட்டாவதில் நிரப்பிக்கொண்டே போய் 12 எடுத்திருக்கலாம். இரண்டும் நடப்பவைதான். ஓஎம்ஆர் தாளை முதன்முறை பார்க்கும் பிள்ளைக்கு வட்டத்தை எப்படி நிரப்புவது என்று ஒரு நாள் காட்டிக்கொடுத்தால் போதும்.

ஊட்டி, குன்னூர் பக்கம் பள்ளி வகைகள் அதிகம் என்பதால் இன்னொரு குழப்பமும் இங்கே உண்டு. மாநிலப் பாடத்திட்டம், சிபிஎஸ்இ, ஐசிஎஸ்இ, அதற்கு மேல் வெளிநாட்டுப் பாடத்திட்டங்கள். ஒரே தெருவில் நான்கு வகைப் பிள்ளைகள். வெவ்வேறு வாரியத்தின் மதிப்பெண்களை நேராக ஒப்பிட முடியாது என்பதை அரசே ஒப்புக்கொள்கிறது. பொறியியல் சேர்க்கையில் கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என 200க்குக் கட் ஆஃப் போடுவதற்கு முன், ஒவ்வொரு வாரியத்திலும் அந்தப் பாடத்தில் எடுத்த உயர்ந்த மதிப்பெண்ணை மாநில வாரியத்தின் உயர்ந்த மதிப்பெண்ணுக்குச் சமமாக்கி, மற்றவர்களை அதற்கேற்ப ஏற்றுகிறார்கள். வைத்துக்கொள்வோம்: மாநில வாரியத்தில் இயற்பியலில் முதல் மதிப்பெண் 100, வேறொரு வாரியத்தில் 95. அங்கே 76 எடுத்த பிள்ளைக்கு இங்கே 80 என்று கணக்கு. இது பூரணமான முறை என்று நான் நினைக்கவில்லை. ஒரே ஒருவருடைய உச்ச மதிப்பெண் ஆயிரக்கணக்கானவர்களின் கணக்கை நகர்த்துகிறது. ஆனால் ஒன்றுமே செய்யாமல் ஒப்பிடுவதைவிட மேல்.

மலைக்கே உரிய இரண்டு விஷயங்களைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சமவெளியில் எழுதப்படும் விளக்கங்களில் இவை வருவதில்லை.

ஒன்று, சிறிய பள்ளி. நம் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிகள் பலவற்றில் ஒரு வகுப்பில் பத்துப் பேர்கூட இருப்பதில்லை. ஐந்து பேர் உள்ள வகுப்பை எடுத்துக்கொள்ளுங்கள்: 80, 70, 60, 50, 40. சராசரி 60. தேர்வு நாளன்று மழையில் மண் சரிந்து பஸ் வராமல், 40 எடுக்கக்கூடிய பிள்ளை வரவில்லை என்றால் சராசரி 65. யாரும் கூடுதலாக ஒரு எழுத்தும் கற்கவில்லை, பள்ளி 'முன்னேறிவிட்டது'. அடுத்த ஆண்டு அந்த இடத்தில் 20 எடுக்கும் பிள்ளை ஒன்று சேர்ந்தால் சராசரி 56, பள்ளி 'சரிந்துவிட்டது'. இதே மாற்றம் 50 பேர் படிக்கும் வகுப்பில் நடந்தால் சராசரி அரை மதிப்பெண்கூட அசையாது. ஆகவே சிறிய பள்ளியின் ஓராண்டு எண்ணை வைத்து ஆசிரியரைப் புகழவும் வேண்டாம், வேறு பள்ளிக்கு மாற்றச் சான்றிதழ் வாங்க ஓடவும் வேண்டாம். சில ஆண்டுகளைச் சேர்த்துப் பாருங்கள். மே மாதம் நாளிதழ்களில் வரும் மாவட்டத் தேர்ச்சி வரிசையையும் இதே கண்ணோடு பாருங்கள்: அடுத்தடுத்த இடங்களுக்கு நடுவே பல சமயம் தசமப் புள்ளிக்குப் பின் உள்ள வித்தியாசம்தான். மாநில முதலிடம், மாவட்ட முதலிடம் என்று மாணவர் பெயரை அறிவிக்கும் வழக்கத்தை அரசு 2017லேயே நிறுத்திவிட்டது. நல்ல காரியம்.

இரண்டாவது, வீட்டு மொழி. வீட்டில் படுகு மொழி பேசும் பிள்ளை, பணியர், காட்டுநாயக்கர், குறும்பர், இருளர் பிள்ளைகள், கூடலூர்ப் பக்கம் மலையாளம் பேசும் பிள்ளைகள், ஜார்க்கண்டிலிருந்து தோட்ட வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகள் என்று எல்லோரும் ஒரே தமிழ்த் தாளை எழுதுகிறார்கள். கணக்குத் தாள் என்று பெயர்; ஆனால் நான்கு வரி வாசித்துப் புரிந்துகொண்டால்தான் கணக்கே தொடங்கும். அங்கே தோற்பது கணக்கா, வாசிப்பா? எண்களை மட்டும் எழுதிக்கொடுத்தால் சரியாகச் செய்யும் பிள்ளை வாக்கியக் கணக்கில் தடுமாறினால், அவளுக்குக் கணக்கு டியூஷன் வைப்பது பணத்துக்குக் கேடு. ஆசிரியரிடம் இந்தக் கேள்வியைக் கேளுங்கள். நல்ல ஆசிரியருக்கு உடனே புரியும்.

கேள்வியில் வரும் உலகமும் அப்படியே. நாற்று நடவு, ஏற்றம், மெட்ரோ ரயில் என்று வரும் கேள்வியை எஸ்டேட் லயன் வீட்டிலிருந்து வரும் பிள்ளை ஒரு கணம் நின்று கற்பனை செய்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும். 'அம்மா பறித்த கொழுந்து 31 கிலோ, ஈரத்துக்கு 2 கிலோ கழித்தால்' என்று கேட்டால் அதே பிள்ளை பென்சிலை எடுக்கும் முன்பே பதில் சொல்லிவிடும். நல்ல தேர்வை உருவாக்குகிறவர்கள் இதை முன்னோட்டமாகச் சோதித்து, ஒரு பகுதிப் பிள்ளைகளுக்கு மட்டும் இடறும் கேள்விகளை நீக்க வேண்டும். எப்போதும் நீக்குகிறார்கள் என்று சொல்ல மாட்டேன்.

ஆனால் இந்த வாதத்தை அளவுக்கு மீறி இழுத்துவிட்டோம் என்பதற்கும் ஒரு சான்று உண்டு. 15 வயதுப் பிள்ளைகளுக்கு உலக அளவில் நடக்கும் பீசா தேர்வை 2009 சுற்றில் இந்தியாவிலிருந்து தமிழ்நாடும் இமாசலப் பிரதேசமும் எழுதின. முடிவு 2011 டிசம்பரில் வந்தது. கலந்துகொண்ட 74 நாடுகள், பகுதிகளில் நம் இரண்டு மாநிலங்களும் பட்டியலின் கடைசிப் பகுதியில். தமிழ்நாட்டின் கணித மதிப்பு 351. இது ஆயிரத்துக்கு 351 அல்ல. வளர்ந்த நாடுகளின் சராசரி 500ஐ ஒட்டி இருக்குமாறு அமைத்த அளவுகோலில் வரும் எண். கேள்விகள் நம் சூழலுக்குப் பொருந்தவில்லை என்று அப்போது சொல்லப்பட்டது. அடுத்து வந்த 2012, 2015, 2018, 2022 சுற்றுகளில் இந்தியா கலந்துகொள்ளவே இல்லை. சூழல் ஒரு காரணம்தான். எல்லாவற்றுக்கும் அதுவே காரணம் என்று நான் நம்பவில்லை. அளவுகோலில் குறை இருந்தால் அதைத் திருத்தச் சொல்லிப் போராடலாம். அளப்பதையே விட்டுவிட்டால் நோய் தெரியாமல் போகும்.

ஒலிம்பியாட் பதக்கத்துக்கு அதிக இடம் கொடுக்கப் போவதில்லை. நாட்டின் உண்மையான கணித, அறிவியல் ஒலிம்பியாடுகள் வேறு, அவை கடுமையானவை. பள்ளிகளின் வழியாகக் கட்டணம் வாங்கி நடத்தும் தனியார் தேர்வுகள் வேறு. சான்றிதழில் 'பள்ளி அளவில் முதலிடம்' என்று இருந்தால், அந்தப் பள்ளியில் அந்த வகுப்பில் எத்தனை பேர் எழுதினார்கள் என்று மட்டும் கேளுங்கள். ஒன்பது பேர் எழுதி மூன்று பேருக்குப் பதக்கம் என்றால், அவர்களின் கேள்வி என்னவென்று உங்களுக்கே புரிந்துவிடும்.

எஞ்சியிருப்பது ரேங்க் கார்டு. எட்டாம் வகுப்பு வரை 40 மதிப்பெண் வளரறி மதிப்பீட்டுக்கு, 60 தொகுத்தறி மதிப்பீட்டுக்கு. வளரறி என்பது பருவம் முழுக்க வகுப்பில் செய்த செயல்பாடுகள், சிறு தேர்வுகள். தொகுத்தறி என்பது பருவத்தின் முடிவில் எழுதும் தாள். கூட்டுத்தொகையை மட்டும் பார்க்காமல் இரண்டையும் பிரித்துப் பாருங்கள். 38ம் 25ம் சேர்ந்து 63. 24ம் 39ம் சேர்ந்தாலும் 63. முதல் பிள்ளை வகுப்பில் நன்றாகச் செய்து தேர்வறையில் தடுமாறுகிறது, அல்லது வகுப்பு மதிப்பெண்ணை ஆசிரியர் தாராளமாகப் போட்டிருக்கிறார். இரண்டாவது பிள்ளை வகுப்பில் கவனிக்காமல் கடைசி வாரத்தில் படித்திருக்கிறது, அல்லது பல நாள் பள்ளிக்கே போகவில்லை. எது என்று கார்டு சொல்லாது.

அதே போல 63 என்ற எண்ணைக் கல்லில் செதுக்கியதுபோலப் படிக்க வேண்டாம். அதே பிள்ளைக்கு அதே கடினத்தில் வேறொரு தாளை அடுத்த வாரம் கொடுத்தால் 58 வரலாம், 67 வரலாம். தூக்கம், சளி, வந்த கேள்வி, திருத்தியவரின் மனநிலை எல்லாம் அதில் கலந்திருக்கிறது. 63க்கும் 65க்கும் நடுவே இருக்கும் வித்தியாசத்தை வைத்து அண்ணனையும் தம்பியையும் ஒப்பிடுகிறவர்கள், காற்றை எடை போடுகிறார்கள்.

பள்ளிக்குப் போகும்போது "எவ்வளவு எடுத்தான்?" என்று கேட்காதீர்கள், அது கார்டிலேயே இருக்கிறது. திருத்திய தாளைக் காட்டச் சொல்லுங்கள். எந்தக் கேள்விகள் போயின, அவை எல்லாம் ஒரே பாடத்திலிருந்தா, விடை தெரியாமல் விட்டதா, நேரம் போதாமல் விட்டதா, கேள்வி புரியாமல் விட்டதா என்று ஆசிரியரோடு உட்கார்ந்து பாருங்கள். பின்னங்களில் மட்டும் பத்து மதிப்பெண் போயிருந்தால், பிள்ளை கணக்கில் பலவீனம் அல்ல, பின்னங்களில் பலவீனம். அதை ஒரு மாதத்தில் சரிசெய்யலாம். பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வில்கூட விடைத்தாள் நகல், மறுகூட்டல், மறுமதிப்பீடு கேட்க வழி இருக்கிறது. முடிவு வந்தவுடன் அறிவிக்கும் சில நாள்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும்.

பள்ளியைப் பற்றிய கேள்விகளுக்குப் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டத்தின்படி அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர். மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். அடைவுத் தேர்வின் மாவட்ட அறிக்கை வந்தால், எந்தக் கற்றல் விளைவுகளில் நம் பகுதிப் பிள்ளைகள் பின்தங்கியிருக்கிறார்கள், அதற்குப் பள்ளி என்ன செய்யப்போகிறது என்று அங்கே கேட்கலாம். கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடித்துக் கலைவதற்கான கூட்டம் அல்ல அது.

கடைசியாக ஒரு நடைமுறை விஷயம். தாமதமானால் ஈடுசெய்ய முடியாதது என்பதால் சொல்கிறேன். பார்வை, செவித்திறன், கைகளின் இயக்கம் ஆகியவற்றில் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கும், டிஸ்லெக்சியா போன்ற கற்றல் குறைபாடு உள்ளவர்களுக்கும் பொதுத்தேர்வில் கூடுதலாக ஒரு மணி நேரம், சொல்வதை எழுதுபவர், ஒரு மொழிப்பாட விலக்கு போன்ற சலுகைகள் உண்டு. இவை தாமாக வராது. மருத்துவச் சான்றிதழோடு பள்ளி வழியாக முன்கூட்டியே விண்ணப்பித்து அனுமதி பெற வேண்டும். எருமாட்டிலிருந்தோ மஞ்சூரிலிருந்தோ சான்றிதழுக்காக ஊட்டிக்குப் போய்வருவது ஒரு நாள் வேலை. முதல் முறையிலேயே கிடைத்துவிடும் என்பதற்கும் உறுதி இல்லை. ஆகவே பிள்ளை எழுத்துகளை மாற்றி மாற்றி எழுதுகிறது, வாயால் சொல்வதை எழுத முடியவில்லை என்று ஆசிரியர் ஐந்தாம் வகுப்பில் சொன்னால், பத்தாம் வகுப்பு ஹால் டிக்கெட் வரும்வரை காத்திருக்காமல் அந்த ஆண்டே தலைமையாசிரியரிடம் பேசிச் சான்றிதழுக்கான வேலையைத் தொடங்கிவிடுங்கள்.